மாலை வகுப்பின் மின்கணக்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் எங்கள் பல்கலைக்கழகத்தின் பசுமைக் குழு ஒருங்கிணைப்பாளர் பதவி என்னைத் தேடி வந்தது. ஆசிரியர் கூட்டத்தில் ஒருநாள், "ஆளே இல்லாத செமினார் ஹால்ல ஏசி ஓடுது, சுற்றுச்சூழல் தினத்துக்கு மட்டும் எல்லாரும் பச்சைச் சட்டை போட்டுக்கினு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டேன். டீன் ஜெபகுமார் சார் சிரித்துக்கொண்டே, "அறிவுமதி மேடத்துக்கு இதுல ஆர்வம் இருக்கு போல" என்று அங்கேயே என் தலையில் கட்டிவிட்டார். சம்பளம் ஏறவில்லை. ஒரு பீரோவும் அதற்குச் சாவியும் கொடுத்தார்கள். சாவி அந்த பீரோவுக்கானது இல்லை.

எங்கள் வளாகம் வல்லக்கோட்டை முருகன் கோவிலைத் தாண்டி, ஒரகடம் போகிற சாலையில் இருக்கிறது. இந்தப் பக்கம் கார் தொழிற்சாலை, அந்தப் பக்கம் போன் தொழிற்சாலை, நடுவில் நாங்கள். நான் மின்னியல் துறையில் பாடம் எடுக்கிறேன். பகலில் பி.இ. பிள்ளைகளுக்கு, வாரத்தில் நான்கு மாலைகள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு. எது பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் மாலை என்பேன். பகல் பிள்ளைகளை எழுப்பி வைத்துப் பாடம் நடத்த வேண்டும். மாலைப் பிள்ளைகள் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தும் தூக்கத்தைப் பிடிவாதமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

வளர்ந்துவரும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு பசுமையாக நடந்துகொள்கின்றன என்று ஓர் அமைப்பு வருடாவருடம் அளந்து வரிசை போடுகிறது. அந்தக் கேள்விகளை நிரப்புவதுதான் என் புது வேலை. கேள்விகளை யார் எழுதினார்களோ தெரியவில்லை, நிச்சயம் எங்கள் பக்கம் வந்ததில்லை. வகுப்பறைகளைச் சூடாக்க ஆகும் எரிபொருளை எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்று ஒரு கேள்வி. மே மாதம் ஒரகடத்தில் ஒரு மதியம் நின்று பார்த்துவிட்டு அதைக் கேட்டிருக்கலாம். மாணவர்களில் எத்தனை பேர் சைக்கிளில் வருகிறார்கள் என்று இன்னொன்று. எங்கள் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் விடுகிறவன் படிப்பை முடிப்பதே சந்தேகம். இரண்டுக்கும் 'பொருந்தாது' என்று எழுதினேன். டீன் பதறிவிட்டார். "பொருந்தாதுன்னா மார்க் கிடையாதும்மா."

அவர் பதறுவதற்குக் காரணம் இருந்தது. வருடத்துக்கு வருடம் இடங்கள் காலியாகப் போகின்றன. பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் ஆய்வகம் எப்படி, ஆசிரியர் எப்படி என்று கேட்பதில்லை. தரவரிசையில் எத்தனையாவது என்றுதான் கேட்கிறார்கள். டீன் நல்ல மனிதர். ஆனால் பயந்த மனிதர். பயந்த மனிதரிடம் அதிகாரம் இருந்தால் அது யார் கழுத்தில் போய் விழும் என்று சொல்ல முடியாது.

இந்த முறை மாலை வகுப்பின் கழுத்தில் விழுந்தது.

மதிப்பீட்டில் அதிக மார்க் உள்ள கேள்வி, தலைக்கு எவ்வளவு மின்சாரம் என்பது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆன மின்சாரத்தை அங்கே படிக்கிறவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பகல் கட்டடங்களில் ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம், ஆளும் நிறைய, கணக்கு அழகாக வந்தது. மாலைக் கட்டடத்தில் இருட்டிய பிறகுதான் வேலையே ஆரம்பம். விளக்கு வேண்டும், மின்விசிறி வேண்டும், ஆய்வகத்தில் மோட்டார்கள் ஓட வேண்டும். போதாததற்கு, விதிமுறைப்படி பகுதிநேர மாணவரைப் பாதி ஆளாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆள் பாதி, மின்சாரம் முழுசு. வகுத்துப் பார்த்தால் மாலை வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் நாலு ஏசி வைத்திருக்கும் பணக்காரர்கள் மாதிரி வந்தது.

டீன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த ஒரு பிளாக்தான்மா நம்ம மானத்தை வாங்குது."

"இருட்டினா லைட் போடத்தானே சார் வேணும்? சூரியனை இழுத்துப் பிடிச்சு வெக்க முடியுமா?"

"கோபப்படாதீங்க. வர்ற ஜூன்லேர்ந்து மாலை வகுப்புக்குப் புதுசா யாரையும் சேர்க்க வேணாம். இருக்கிறவங்கள ஆன்லைனுக்கு மாத்திடலாம். மேம்பாட்டுத் திட்டம்னு ஒரு பகுதி இருக்கு பாருங்க, அதுல இதை எழுதினா அதுக்கே தனி மார்க்."

"மெஷின்ஸ் லேப்பை எப்படி சார் ஆன்லைன்ல நடத்தறது? மோட்டாரைக் கொரியர்ல அனுப்பறதா?"

"ஒரு வருஷம் தள்ளிப் போடலாம். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பாத்துக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்த வரியை அவரே தன் கையால் மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதினார். கையெழுத்து மட்டும், அந்த அமைப்பு நேரில் அனுப்பும் மதிப்பீட்டாளர் முன்னால் போட வேண்டும் என்பது விதி. அதனால் அந்த இடம் காலியாக இருந்தது.

அன்று மாலை வகுப்புக்குப் போனபோது என் கோபம் ஆறவில்லை. ஆறாத கோபத்தோடு வகுப்புக்குள் நுழையக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்கிறவள் நான். நுழைந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். தலைக்கு இவ்வளவு மின்சாரம், நீங்கள் பாதி ஆள், அதனால் வகுப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று பலகையில் கணக்கே போட்டுக் காட்டினேன். கடைசி வரிசையில் அருள்பாண்டி மெதுவாக எழுந்து போய் ஒரு மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

வகுப்பு முடிந்ததும் மாரிசெல்வி என்னோடு நடந்து வந்தாள். அந்த வகுப்பின் தலைவி அவள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்துவிட்டு போன் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்கு வந்தவள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி விடுதி. ஒரு அறையில் எட்டுப் பேர், மூன்று ஷிப்ட். எந்த நேரத்தில் பார்த்தாலும் அங்கே யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், அதனால் விளக்குப் போடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. ஆன்லைன் வகுப்பை அவள் எங்கே உட்கார்ந்து கேட்பாள்?

"மேடம், எனக்கு அடுத்த வருசம் கான்ட்ராக்ட் முடியுது" என்றாள். "அதுக்குள்ள டிகிரி வந்துட்டுன்னா குவாலிட்டில டிரெய்னி இன்ஜினியருக்கு எழுதிப் போடலாம். எங்க சூப்பர்வைசரே சொல்லிருக்காரு. இல்லன்னா பெட்டியக் கட்டிட்டு ஊருக்குப் போவ வேண்டியதுதான். அப்பா இப்பமே டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில சொல்லி வச்சிட்டாரு."

"ஜவுளிக்கடையிலயா?"

"ஆமா மேடம். சேலைப் பிரிவுல. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும். இங்கயும் நின்னுகிட்டுத்தான இருக்கேன், அது ஒண்ணும் பெருசில்ல." நோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா மோட்டாரு எப்படிச் சுத்துதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் போயி சேலை மடிக்கணும்னா, மனசு ஒப்பலை மேடம்."

அன்று வீட்டுக்குப் போனதும் பசுமைக் குழுக் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் ஒரு வேலை செய்தேன். மதிப்பீட்டாளர் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் நாளின் நிகழ்ச்சி நிரலில், கடைசியாக, 'மின் பயன்பாடு நேரடி ஆய்வு, மின்னியல் ஆய்வகம், மாலை ஆறரை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வருகிறவர் இந்தப் பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கட்டும். அந்த மின்சாரம் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். அதற்குப் பிறகும் கணக்குதான் பெரிது என்றால் அது அவர் பாடு. டீன் அந்த வரியைப் படித்து, மீட்டர் பார்க்கிற சமாச்சாரம் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டார்.

முந்தின நாள் வகுப்பில் சொன்னேன். "நாளைக்கு ஆடிட். வர்றவங்க ஆறரைக்கு இந்த லேப்புக்கு வருவாங்க. பயப்படாம எப்பவும் போல இருங்க."

"நாங்க பாத்துக்கிடுதோம் மேடம்" என்றாள் மாரிசெல்வி. மற்றவர்களும் பொறுப்பாகத் தலையாட்டினார்கள். அந்தப் பொறுப்பைப் பார்த்து நான் நிம்மதியாகப் போய்த் தூங்கினேன். நான் தூங்கியிருக்கக் கூடாது.

மதிப்பீட்டாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேராசிரியை, பெயர் செந்தாமரை. பருத்திப் புடவை, காலில் ஷூ, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். பூங்கொத்தை வாங்கிக்கொண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லேடீஸ் டாய்லெட் எங்கீங்க?" என்பது. பயணம் செய்து வந்த களைப்பு என்று நினைத்து டீன் விருந்தினர் அறையைக் காட்டினார். "அதில்லீங்க, மாணவிகள் போற டாய்லெட்" என்றார் அவர். போய்க் குழாய் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பகல் முழுக்க டீன் சூரியத் தகடுகளைக் காட்டினார், மழைநீர்த் தொட்டியைக் காட்டினார், சிறப்பு விருந்தினர்கள் நட்ட மரக்கன்றுகளைக் காட்டினார். ஒரு கன்றைவிட அதன் பெயர்ப் பலகை உயரமாக இருந்தது. செந்தாமரை மேடம் எதற்கும் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எழுதிக்கொண்டே வந்தார். ஆறரைக்கு நாங்கள் மூவரும் மின்னியல் ஆய்வகத்துக்குப் போனோம்.

கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டு.

விளக்கைப் போட்டால், ஒரு ஆள் இல்லை. மேசைகள் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொரு மோட்டாரைச் சுற்றியும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே 'தேவைக்கு மட்டும்' என்று சீட்டு. துடைப்பத்துக்குக்கூட ஓர் இடம் குறித்து, அதற்கு மேலே 'துடைப்பம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். தொழிற்சாலைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் வருவதற்கு முந்தின இரவு எப்படித் தயாராவார்களோ, அப்படி, நேற்று நான் வீட்டுக்குப் போன பிறகு என் ஆய்வகத்தைத் தயார் செய்திருந்தார்கள். ஆட்கள்தான் இல்லை.

"இங்க வகுப்பு நடக்குதுங்களா?" என்று கேட்டார் செந்தாமரை மேடம்.

டீன் முந்திக்கொண்டார். "இன்னிக்கு அவங்களுக்கு லீவு மேடம். ஷிப்ட் மாறுற நாள்."

எனக்கு ரத்தம் கொதித்தது. யார் மேல் என்று தெரியாமல் கொதித்தது. டீன் மேலா, என்னை நடு ஆற்றில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் மேலா? ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அப்போதுதான் கேட்டுக்கு எதிரே, சாலையின் அந்த ஓரம் நின்ற கம்பெனி பஸ்ஸைப் பார்த்தேன். தினமும் இவர்களை இறக்கிவிட்டுவிட்டு நிற்கும் பஸ்தான். அதன் உள்விளக்குகள் எல்லாம் எரிந்தன. உள்ளே வரிசையாகத் தலைகள்.

"லீவு இல்ல சார்" என்றேன். "அதோ இருக்காங்க."

மூவரும் சாலையைக் கடந்து போனோம். டிரைவர் சுப்பராயன் அண்ணன் பஸ்ஸுக்கு வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தார். "இன்னா மேடம் இது, புள்ளைங்கள உள்ள வராதன்னு சொல்டீங்களா? வந்ததுலேர்ந்து எறங்க மாட்டேன்னுதுங்க. லைட்டு போடுண்ணா, படிக்கணும்ன்றாங்க. பேட்டரி எறங்கிடும்னு சொன்னா கேக்குதுங்களா?"

"நான் எப்ப அண்ணா வராதன்னு சொன்னேன்?"

படியேறினேன். நடைவழியில் அருள்பாண்டி நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் கண்ணாடியில் மார்க்கரால் மின்மாற்றியின் சுற்றுப்படத்தை வரைந்து, நான் போன வாரம் நடத்திய பாடத்தைத் திருப்பி நடத்திக்கொண்டிருந்தான். சீட்டுக்கு மூன்று பேராக உட்கார்ந்து மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாரிசெல்வியின் முகம் வெளிறிப்போனது. என் பின்னால் ஏறி வந்த செந்தாமரை மேடத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"மேடம், அவங்கள ஏன் இங்க கூட்டியாந்தீங்க?" என்று என் காதில் விழும்படி மட்டும் கேட்டாள். "நாங்க கண்ணுல படாம இருந்துக்கிடுதோம்னுதான..."

அதற்குள் டீனும் படியில் ஏறிவிட்டார். நான் ஏற்பாடு செய்த நாடகம் என்று முடிவு கட்டிவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "அறிவுமதி மேடம், படிக்கிற பிள்ளைங்கள ரோட்டுல உக்கார வெச்சுக் காட்டறீங்களா? இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாரிசெல்வி முந்திவிட்டாள்.

"சார், மேடத்த ஏசாதீங்க. அவங்க எங்கள லேப்புக்குத்தான் வரச் சொன்னாங்க. நாங்கதான் வரலை."

"ஏன் வரல?"

"நாங்க வரலன்னா லைட்டு எரியாது சார். லைட்டு எரியலன்னா மார்க்கு குறையாது. மார்க்கு குறையலன்னா வகுப்ப நிப்பாட்ட மாட்டீங்கல்லா."

செந்தாமரை மேடம்தான் கேட்டார். "இப்படி மறைஞ்சு இருக்கச் சொல்லி யார்மா சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை மேடம். எங்க லைன்ல கஸ்டமர் ஆடிட் வந்தா அப்படித்தான். கணக்குக்கு மேல இருக்கிற கான்ட்ராக்ட் பிள்ளைக எல்லாத்தையும் பஸ்ல ஏத்தி உக்கார வச்சிருவாங்க. ஆடிட் முடிஞ்சதும் எறங்கி வேலைக்குப் போயிருவோம். ஒருநாள் மறைஞ்சுகிட்டா வருசம் பூரா வேலை ஓடும்லா. அதான் இங்கயும்..."

சொல்லும்போது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே போடுவோம் என்கிற மாதிரி சொன்னாள். முப்பது பேர் சேர்ந்து பேசி, இடத்தைத் துடைத்து, கட்டம் போட்டு, துடைப்பத்துக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டு, தங்களையும் எடுத்து மறைத்து வைத்திருக்கிறார்கள். அவர்களாகவே. எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து.

செந்தாமரை மேடம் முன் சீட்டில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார். எந்த ஊர், எங்கே வேலை, எப்படி வருகிறார்கள், படித்து என்ன செய்யப் போகிறார்கள். ஏரல், சாத்தூர், கடையநல்லூர் என்று ஊர்கள் வந்தன. பஸ் பற்றிக் கேட்டபோது சுப்பராயன் அண்ணன் வெளியிலிருந்தே பதில் சொன்னார். "நைட் ஷிப்டுக்கு ஆள் ஏத்தறவரைக்கும் வண்டி எங்கனா நின்னுகினுதான் இருக்கணும் மேடம். இங்க நிக்குது, அவ்ளோதான். தனியா டீசல் ஒண்ணும் செலவு இல்ல."

"காலியா நிக்கிற பஸ்ல வர்ற மாணவர்கள்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். "இதுக்கு எங்க கேள்வித்தாள்ல இடமே இல்லீங்க. சைக்கிளுக்கு மட்டும்தான் இருக்கு."

எல்லாரும் சொல்லி முடித்த பிறகு மாரிசெல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? உங்க கணக்குல நாங்க பாதி ஆளா?"

செந்தாமரை மேடம் பேனாவை மூடி வைத்தார். "அது நீங்க இங்க இருக்கிற நேரத்தைக் குறிக்கிறதும்மா. ஆளைக் குறிக்கிறதில்லை."

"நேரம் பாதிதான் மேடம், சரிதான். ஆனா பாதி வெளிச்சத்துல படிக்க முடியாதுல்லா."

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். செந்தாமரை மேடமும் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு டீன் பக்கம் திரும்பினார்.

"சார், நான் வெளிப்படையா சொல்லிடறேங்க. விதியை மாத்தற அதிகாரம் எனக்கு இல்லை. இந்தப் பிள்ளைகளைப் பத்தி என் குறிப்புல ஒரு பக்கம் எழுதுவேன், அடுத்த வருஷம் கேள்விகளைத் திருத்தற கூட்டத்துல சண்டை போடுவேன். ஆனா இந்த வருஷக் கணக்கு கணக்குதான். உங்க மேம்பாட்டுத் திட்டத்துல இந்த வகுப்பை நிறுத்தறதா எழுதியிருக்கீங்க. அதுக்கு மார்க் உண்டு. நீங்க கையெழுத்துப் போட்டா நான் கொடுத்துத்தான் ஆகணும். உங்க விருப்பமுங்க." கோப்பை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.

டீன் அதை வாங்கிக்கொண்டு படியிலேயே நின்றார். பஸ்ஸில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் மடியில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பார்த்தேன். இந்த மனிதர் இப்போது கையெழுத்துப் போட்டால் நாளைக்கே வேலையை விட்டுவிடுவது என்று எனக்குள் சபதம் எடுத்துக்கொண்டே பார்த்தேன். வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது. இருந்தாலும் சபதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏம்மா," என்று மாரிசெல்வியைக் கூப்பிட்டார். "நான் ஒருநாளாவது உங்க வகுப்புக்கு வந்திருக்கேனா?"

"இல்ல சார். நீங்க அஞ்சு மணிக்கே போயிருவீங்க."

"ஆமா" என்றார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். தன் கையால் எழுதிய வரியின் மேல் ஒரு கோடு போட்டார். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு கோடும் போட்டார். அதற்குக் கீழே கையெழுத்திட்டு, கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதனால உங்க இடம் கீழ போகுமுங்க" என்றார் செந்தாமரை மேடம்.

"தெரியும் மேடம். சேர்மன்கிட்ட நான் பேசிக்கறேன்." பயம் அவரை விட்டுப் போய்விடவில்லை. பயத்தோடேதான் செய்தார். அதனால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பிறகு பஸ்ஸுக்குள் திரும்பி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். "எல்லாரும் எறங்குங்க. இது படிக்கிற இடமா? லேப் திறந்துதான் இருக்கு."

யாரும் அசையவில்லை. நிஜமா என்பது போல என்னைப் பார்த்தார்கள்.

"காதுல விழலையா? போய் மோட்டாரைப் போடுங்க" என்று நான் அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன்.

சாலையைக் கடந்து, கேட்டுக்குள் நுழைந்து, முப்பது பேரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். டீன் அவர்களுக்கு முன்னால் நடந்தார். ஆய்வகத்தில் நான் போட்டிருந்தது ஒரே ஒரு விளக்கு. மற்ற சுவிட்சுகளை அவரே ஒவ்வொன்றாகப் போட்டார். 'தேவைக்கு மட்டும்' என்ற சீட்டைப் படித்துவிட்டு, "தேவைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. செந்தாமரை மேடம் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்து அதன் அளவையும் குறித்துக்கொண்டார். வந்த வேலையை விட்டுக்கொடுக்காத அம்மா அவர்.

அந்த வருடம் நாங்கள் வரிசையில் இறங்கித்தான் போனோம். சேர்மன் டீனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அருகில் இருந்த நான் வாயைத் திறக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன். டீன் சத்தம் முடியும்வரை காத்திருந்து, "பகல்ல இடம் காலியா கெடக்கு சார். சாயங்காலத்துக்கு இடம் கேட்டு வெளியில ஆள் நிக்குது" என்றார். சேர்மன் பேச்சை நிறுத்திவிட்டு, எவ்வளவு பேர் என்று கேட்டார். ஜூனில் மாலை வகுப்புக்கு இரண்டாவது பிரிவு தொடங்கியது. இதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று மாலை, பரிசோதனைகளுக்கு நடுவே, மாரிசெல்வி என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனாள். அளவுகளைச் சரிபார்க்க ஜன்னல் ஓரம் நின்றிருந்த எனக்கு அவள் போனில் பேசுவது கேட்டது. ஒட்டுக் கேட்பது தப்புதான். நகர்ந்து போயிருக்கலாம், போகவில்லை.

"எம்மா, நாந்தான். சாப்பிட்டியா? ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிரு." உள்ளே மோட்டார் சத்தம் பெரிதாக இருந்ததால் அவளும் குரலை உயர்த்தினாள். "அந்த ஜவுளிக்கடைக்காரரு வேற ஆளப் பாத்துக்கிடட்டும்."